இரண்டு உப்பு

சித்திரை பிறந்து ஒன்பதாம் நாள்
பாலக்கோடு மண்டியில்
தீர்த்தகிரியின் தோளிலிருந்து தக்காளி கிரேடு நழுவியது.
இருபத்தைந்து கிலோ. செருப்பெல்லாம் சிவப்பு.
"காலையிலேயே ஏத்திட்டான்" என்றார்கள்.
நாலு வருஷமாய் அந்த வாசனையே வீட்டில் இல்லை
என்று யாரிடம் போய்ச் சொல்ல.

முதலில் விரல்தான் ஆடியது.
களி உருண்டையைக் குழம்பில் தோய்க்கையில்
தட்டில் சின்னச் சின்னதாய்ச் சத்தம்.
நான் சிரித்தேன், அவரும் சிரித்தார்.
பிறகு வயிற்றோட்டம். வெயில் என்றேன்.
பிறகு பேச்சு குழறி
என் பெயரே அவர் நாக்கில் வழுக்கியது.
அப்போதும் வெயில் என்றுதான் சொன்னேன்.
இந்த ஊரில் எதற்கும் வெயிலைச் சொல்லலாம்,
அது மறுத்துப் பேசாது.

மாசியில் வீடு தேடி வந்த நர்ஸம்மா
கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்து
"பிரஷர் இருக்கு, உப்பைக் குறைங்க" என்று
அட்டையில் எழுதிக் கொடுத்தார்.
நல்லவர். வேறு மாத்திரை உண்டா என்று கேட்கவில்லை.
நானும் காட்டவில்லை.
பிரஷர் என்றால் தெருவுக்கே சொல்லலாம்.
அந்த இன்னொன்று
அரிசி டிரம்முக்குள் இருந்தது,
காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று.

எதையும் அரைகுறையாய்ச் செய்கிறவள் இல்லை நான்.
ஊறுகாய் ஜாடியைப் பக்கத்து வீட்டுக்குத் தூக்கிக் கொடுத்தேன்.
கருவாடு நின்றது.
கொள்ளு ரசத்துக்கும் கீரைக் கடைசலுக்கும்
உப்பு டப்பாவைத் திறந்து மூடும் சத்தம் மட்டும் போட்டேன்.
அவர் ஒன்றும் கேட்காமல் தின்றார்.
மண்டியிலிருந்து திரும்பும்போது
சட்டை முதுகில் வெள்ளை வெள்ளையாய்க் கோடு.
உள்ளே மிச்சமிருந்ததும் வெளியே வந்து காய்ந்திருக்கும்.
அதையும் நான்தான் அலசிக் கொட்டினேன்.

தர்மபுரி பெரியாஸ்பத்திரி.
ரத்தம் எடுத்தார்கள்.
டாக்டரம்மா என்னைவிடச் சின்னவர்.
"மாத்திரையைக் கூட்டிக் கொடுத்தீங்களா?"
எண்ணித்தான் கொடுக்கிறேன்.
"சாப்பாட்டுல ஏதாவது மாத்தினீங்களா?"
இல்லைங்க. உப்பு மட்டும்தான்.
பேனா நின்றது.

லித்தியமும் ஒரு உப்புதான் என்றார்.
சோற்றில் உப்பு வராத உடம்பில்
சிறுநீரகம் கிடைத்ததை எல்லாம் பிடித்து வைக்குமாம்.
வெளியே போகவேண்டிய மருந்தும் அதோடு தங்கிவிடுமாம்.
எனக்கு எங்கள் தெருக் குழாய் ஞாபகம் வந்தது.
ஒகேனக்கல் தண்ணி நாலு நாள் வராவிட்டால்
துணி அலசிய தண்ணியைக்கூட
நானும் கொட்டமாட்டேன்.

ஒன்று புள்ளி ஒன்பது என்று சீட்டில் இருந்தது.
அவர் கையில் உப்புத் தண்ணி ஏற்றினார்கள்.
உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கச் சொன்னார்கள்.
உப்பிடாதவளை என்ன செய்யச் சொன்னார்கள் என்று
சொட்டுகளைப் பார்த்தபடி விடிய விடிய உட்கார்ந்திருந்தேன்.

"இனிமே தாராளமாப் போடட்டுமா?"
"கூடினா மருந்தை அடிச்சிக்கிட்டுப் போயிடும்."
போனால் என்ன வரும் என்று எனக்குத் தெரியும்.
மூன்று ராத்திரி தூங்காமல்
இருந்த ஒரே பசுவை விற்று
தெருவுக்கெல்லாம் குடை வாங்கிக் கொடுத்தவர் இவர்.
அந்த வருஷம் மழையே இல்லை.

இருமல் மருந்தின் மூடி ஒன்று வைத்திருக்கிறேன்.
உப்பை அதில் வழித்து, தட்டி, போடுகிறேன்.
மண்டிக்குப் பெரிய பாட்டிலில் தண்ணி போகிறது.
நர்ஸம்மா மறுபடி வந்த அன்று
டிரம்முக்குள் கைவிட்டு
அரிசி ஒட்டிய பையை அவர் மடியில் வைத்தேன்.
பெயரைப் படித்தார்.
தண்ணி கேட்டு வாங்கிக் குடித்தார்.

"உப்பு சரியா இருக்கா?"
எல்லா வீட்டிலும் கேட்கிற கேள்வி.
அவர் தலையாட்டுகிறார்.
நான் விரலைப் பார்க்கிறேன்.